அக்காவின் ஒன்பது புள்ளிகள்

பேட்ஜ் பொய் சொல்லாது என்று பயிற்சிக் காலத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சட்டையின் நெஞ்சில் குத்திக்கொள்ளும் சின்ன பிளாஸ்டிக் வில்லை அது. மூன்று மாதம் உடம்பில் பட்ட கதிரையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும். பிறகு சோதனைக்கூடத்துக்குப் போய், யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று ஒரு தாளில் எண்ணாகத் திரும்பி வரும். அந்தத் தாளைத்தான் மீட்டரம்மா இப்போது அவன் மூக்குக்கு முன்னால் ஆட்டிக்கொண்டிருந்தார். அவன் பெயருக்கு நேரே இருந்த எண், ஒரு வருஷத்துக்கு அனுமதித்த அளவை மூன்றே மாதத்தில் தாண்டியிருந்தது.

தாண்டியிருக்க வழியே இல்லை. அந்த பேட்ஜை அவன் மூன்று மாதமாகப் போட்டுக்கொள்ளவே இல்லை.

"என்னப்பா, மருந்துக் குப்பியத் தலையணைக்கடியில வச்சுக்கிட்டுத் தூங்குறியா?" என்றார் மீட்டரம்மா. ஆஸ்பத்திரியின் கதிர்ப் பாதுகாப்பு அதிகாரி. டீ குடிக்கப் போனால்கூடத் தோளில் கதிர் அளக்கும் மீட்டர் தொங்கும் என்பதால் வந்த பெயர்.

"இல்ல மேடம்."

"கையில காலில கொட்டிக்கிட்டியா?"

"இல்ல மேடம்."

"சட்டையோட தோய்க்கப் போட்டுட்டியா?"

"இல்ல."

"அப்ப நெஜமாவே வாங்கியிருக்கே. வாங்கினவன் மாதிரி தெரியலையே. போன மாசத்துக்குக் கொஞ்சம் சதைகூடப் போட்டிருக்கே." கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை அவனுக்குப் பிடிக்கவில்லை. பதிலைத் தெரிந்துவைத்துக்கொண்டு கேள்வி கேட்பவரின் பார்வை.

நடந்தது இதுதான். அவன் கேமரா டெக்னீஷியன். நோயாளியின் உடம்புக்குள் போன கதிர்மருந்து எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று படம் பிடிப்பவன். பத்து மாதத்துக்கு முன்னால் அவனுடைய அக்காவே நோயாளியாக வந்து படுத்தாள். அவளைத் தொட்டுத் தூக்கி, பக்கத்தில் நின்று, விதி சொன்ன நேரத்துக்கு மேல் கூடவே இருந்தான். அளவு தாண்டினால் நோயாளிப் பக்கமே வர விடமாட்டார்கள், அக்காவை வேறு எவனோ படம் எடுப்பான் என்று பயம். அதனால் நிஜ பேட்ஜை, வீட்டிலிருந்து போட்டு வந்த சட்டையில் குத்தி, இரண்டு மாடி மேலே உடை மாற்றும் அறையில், தன் இரும்பு அலமாரிக்குள் தொங்கவிட்டுப் பூட்டிவிடுவான். கீழே வரும்போது காலாவதியான பழைய பேட்ஜ் ஒன்று ஊருக்குக் காட்ட. இந்தத் துறையில் இருப்பவனுக்கு மட்டுமே செய்யத் தெரிந்த திருட்டு. கதிர் வராத இடத்தில் சும்மா தொங்கிய பேட்ஜ் சுத்தமாகத் திரும்பி வர வேண்டும்.

வரவில்லை. யாரிடம் கேட்பது? கேட்டால் திருட்டைச் சொல்ல வேண்டும்.

"இங்க பாரு." மீட்டரம்மாவின் குரல் இறங்கியது. "நாளைக்கு உங்க அக்காவுக்கு நாலாவது டோஸ். கடைசி. கணக்குல வராத கதிர் இந்தக் கட்டடத்துல எங்கயாவது இருக்குன்னு தெரிஞ்சா, நான் மொத்தத்தையும் நிறுத்தியாகணும். விசாரணை அது இதுன்னு ஆறு மாசம் ஓடிடும். ஆறு மாசம்னா அவங்களுக்கு..." ஒரு படிவத்தை மேஜைமேல் நகர்த்தினார். "வித்தியாசமா ஏதாவது பார்த்தியா? யோசிச்சு எழுது."

'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

"நாளைக்கு மருந்து ஏத்துற ரூம் பக்கம் உன் நிழல்கூடத் தெரியக் கூடாது. கேமரா ரூம்ல உட்காரு. நான் உள்ள இருக்கேன், உங்க அக்காவ நான் பாத்துக்கறேன்."

அவர் போன பிறகும் அவருடைய மீட்டரின் டிக் டிக் சத்தம் வெகுநேரம் நடைவழியில் கேட்டது. சாதாரணக் காற்றில் மீட்டர் அப்படித்தான் விட்டுவிட்டுத் துடிக்கும். தரைக்குக் கீழே இருந்த துறை அது. ஜன்னல் கிடையாது. காலை பத்துக்கும் சாயங்காலம் ஐந்துக்கும் ஒரே குழல்விளக்கு வெளிச்சம். ஸ்பிரிட்டும் ஈரமான ஏசியும் புது பிளாஸ்டிக்கும் கலந்த ஒரே வாசனை.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும் அவன் ஒரு மீட்டரை எடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மாடி ஏறினான். யாரோ வேண்டுமென்றே செய்திருக்க வேண்டும் என்பதுதான் முதல் சந்தேகம். பொட்டு மருந்தை அலமாரிக்குள் வைத்துவிட்டு, மாட்டிக்கொள்வானா என்று வேடிக்கை பார்க்கிறார்கள். யார்? மீட்டரம்மாவேதானா? பொறி வைத்துப் பிடிக்கிற ஆள்தான் அவர். ஆனால் சாவி ஒன்றே ஒன்று, அதுவும் அவன் இடுப்பில்.

உடை மாற்றும் அறையில் பகல் வெளிச்சம் தாராளமாக விழுந்தது. யாரோ காயப்போட்டிருந்த துண்டு காற்றில் ஆடியது. மூன்றாவது அலமாரி அவனுடையது; ஆள் உயரம், ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அகலம். திறந்தான். மீட்டரை அடித்தட்டில் காட்டினான். டிக். டிக். ஒன்றுமில்லை. செருப்பு, டிபன் பை, சட்டைப் பை. குப்பியும் இல்லை, பஞ்சும் இல்லை. சட்டைக் காலர் அருகே கொஞ்சம் வேகம் கூடியது. மீட்டரைச் சுற்றிலும் நகர்த்திக்கொண்டே வந்தவன் கதவின் உள்பக்கத்துக்கு வந்தபோது, சத்தம் திடீரென்று மழை பிடித்தது போலப் பொரிந்தது.

கதவின் உள்பக்கம் ஓர் இடத்தில் மட்டும். அவனுடைய நெற்றி உயரத்தில். உள்ளங்கை அகலத்துக்கு.

ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தான். மீண்டும் துடைத்தான். பஞ்சு சுத்தமாக வந்தது, சத்தம் குறையவில்லை. அந்த உயரத்தில் கறை படிய வேண்டுமானால், பூட்டிய அலமாரிக்குள் யாராவது நின்றுகொண்டு, கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும்.

இந்த எண்ணத்தைத் தானே கேலி செய்துகொண்டு கீழே இறங்கினான். படியில் இரண்டு முறை திரும்பிப் பார்த்தான்.

சாயங்காலம் அக்காவின் பழைய படங்களை வரிசையாகக் கம்ப்யூட்டரில் திறந்தான். மருந்து என்பது கண்ணுக்குத் தெரியாத துகள்கள். ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரத்தை வரிசையாக நிறுத்தலாம். ஒவ்வொரு துகளிலும் கதிர் ஏற்றியிருக்கும். மேலே கொக்கிபோல ஒன்று ஒட்டியிருக்கும். ரத்தத்தோடு சுற்றிவந்து, கட்டியின் செல் எங்கே இருந்தாலும் தேடிக் கண்டுபிடித்துக் கொக்கியை மாட்டும். மாட்டிய இடத்தை எரிக்கும். எரியும்போது வெளியே சிதறுகிற கதிர்தான் படத்தில் புள்ளி. கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்து விழுந்து உருவமாகும்.

அக்காவுக்குக் கட்டிகள் ஒன்பது. ஈரலில் மூன்று, முதுகெலும்பில் இரண்டு, இடுப்பில் இரண்டு, இடது தோளில் ஒன்று, கழுத்தடியில் ஒன்று. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விரல் வைத்துக் காட்டுவான். முதல் டோஸுக்குப் பிறகு ஏழு. இரண்டாவதுக்குப் பிறகு நான்கு. மூன்றாவது முடிந்து எடுத்ததில் இரண்டே மீதி. பெரிய டாக்டர் அந்தப் படத்தை மாநாடுகளில் போட்டுக் காட்டிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

அதே படங்களில் இன்னொரு விஷயமும் இருந்தது. அவன் மட்டும் பார்த்தது. மருந்து ஏழு நாளுக்கு ஒருமுறை தானாகவே பாதியாகும். கொஞ்சம் சிறுநீரில் போகும், அதையும் தொட்டியில் பிடித்து அளப்பார்கள். போட்டதில் போனதைக் கழித்தால் உடம்பில் இருப்பது வர வேண்டும். முதல் டோஸில் பத்தில் ஒரு பங்கு இடித்தது. கேமராவின் பிழை என்று விட்டான். இரண்டாவதில் கால் பங்கைக் காணோம். மூன்றாவதில் கிட்டத்தட்டப் பாதி. அக்காவின் உடம்பிலும் இல்லை, தொட்டியிலும் இல்லை, படுக்கைத் துணியிலும் இல்லை. அவன் யாரிடமும் சொல்லவில்லை. அக்காவுக்குச் சரியாகிக்கொண்டிருந்தது. சரியாகிற வண்டியை யாராவது நிறுத்துவார்களா?

இப்போது விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். மூன்றாவது டோஸ் போட்டு எட்டு வாரம். எட்டு முறை பாதியாகியிருக்க வேண்டும். இருநூற்றைம்பதில் ஒரு பங்குகூட மிஞ்சக் கூடாத மருந்து, அலமாரிக் கதவில் பொரிந்துகொண்டிருக்கிறது. அது குறையவே இல்லை.

துணிப்பையை மீட்டரோடு வீட்டுக்கு எடுத்துப்போனான்.

அக்கா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். பதினைந்து வருஷம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அடுத்தவர்களுக்காக பிரேக் மிதித்ததில், யோசிக்கும்போது வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். முடி மறுபடி முளைத்துக் குச்சி குச்சியாக நின்றது. முகத்தில் ரத்தம் வந்திருந்தது.

"வாடா பல்லி. என்ன, மூஞ்சி பஞ்சர் ஆன மாதிரி இருக்கு?"

சின்ன வயதிலிருந்தே அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் தூங்குவான். அதனால் பல்லி.

"ஒண்ணுமில்லக்கா. நாளைக்கு உன் டோஸ் அப்ப நான் உள்ள வர முடியாது. மீட்டரம்மாதான் இருப்பாங்க."

"அந்தம்மாவா? நல்லதாப் போச்சு. அவங்க வண்டி ஓட்டற லட்சணத்தப் பத்திப் பேச நெறைய இருக்கு." கத்தியைக் கீழே வைத்தாள். "உள்ள வர முடியாதுங்கறே. அப்புறமா வழக்கம்போல வந்து உட்காருவல்ல?"

"எங்க?"

"தனி ரூம்லதான். டோஸ் போட்டதும் அந்த ஈயச் சுவர் ரூம்ல என்னப் பூட்டிடுவீங்களே. வாந்தி நிக்கறதுக்கு ஒரு ஊசி, அதுல கண்ணே திறக்க முடியாது. நீ வந்து கால்மாட்டுல உட்காருவே. மெத்த அமுங்கும், தெரியும்."

"நான் அந்த ரூமுக்குள்ள வந்ததே இல்லக்கா. கதவுகூடத் திறக்க விடமாட்டாங்க."

"போடா. மூணு தடவையும் வந்தே." சிரித்தாள். "ஊருக்குத் தெரிஞ்சா வேல போயிடும்னு பயப்படறியா? நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?"

அவன் சிரிக்க முயன்றான். "நான்... ஏதாவது பேசினேனா?"

"பேசினியா? கேள்வியாக் கேட்டுக் கொன்னே. அதுவும் குரலே இல்லாம, வெறும் மூச்சுல. நான்கூட, இவனுக்குத் தொண்ட கட்டிக்கிச்சான்னு நெனச்சேன்."

"என்ன கேட்டேன்?"

"ஒரு தடவ, சட்டைய எங்க மாட்டுவேன்னு கேட்டே. எனக்கு ஒரே சிரிப்பு. மேல மாடி, மூணாவது அலமாரின்னு நீதானேடா எனக்குச் சொன்னே? சொன்னேன்."

கூடத்து மின்விசிறியின் கிறீச் சத்தம் ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனியாகக் கேட்டது.

"அப்புறம்?"

"கடைசித் தடவ, எங்க படுப்பேன்னு கேட்டே. ஊசி போட்டது எனக்கா உனக்கான்னு ஆயிடுச்சு. உள்ரூம்ல சுவரோரமாப் படுப்பே, எடப்பக்கம் சுவருன்னு சொன்னேன்." கால் தரையை ஒருமுறை மிதித்தது. அவன் முகத்தைப் பார்த்தாள். "ஏன்டா? என்ன ஆச்சு?"

"அது நான்தான்க்கா. மறந்துட்டேன்."

பொய் சொல்லும்போது ஒரு நிமிஷம் அவளையே சந்தேகப்பட்டான். தெரிந்தே விளையாடுகிறாளோ? உயிர் திரும்பக் கிடைக்கிறது என்றால் எதைத்தான் சொல்லிக்கொடுக்க மாட்டாள்? உடனே தன்மேலேயே எரிச்சல் வந்தது. அவள் காயை எடுத்து மறுபடி நறுக்கத் தொடங்கியிருந்தாள்.

"நாளைக்கு ஒரே ஊசி," என்றாள் தட்டைப் பார்த்தபடி. "அடுத்த மாசம் வண்டிச் சாவி என் கையில. எவன் குறுக்க வந்தாலும் ஏத்திட்டுப் போயிடுவேன்."

உள்ரூமில் அவனுடைய பாய் விரித்தபடியே கிடந்தது. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் நீளமாக விழுந்திருந்தது; அதில் தூசி மிதந்தது. கதவைச் சாத்திக்கொண்டு மீட்டரைப் போட்டான். வலது ஓரம், தலையணை, நடுப்பாய்: டிக், டிக். இடது பக்கம் நகர்த்தினான். பொரிந்தது. தலையணை உயரத்திலிருந்து பாயின் கால்முனை வரைக்கும், ஒரே பட்டையாக. ஓர் ஆள் நீளத்துக்கு.

பாய்க்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருந்தது. அப்போதுதான் அதைக் கவனித்தான். அவன் பாயைச் சுவரோடு ஒட்டித்தான் போடுவான். முப்பது வருஷமாக. இப்போது கொஞ்ச நாளாக எழுந்திருக்கும்போது சுவரிலிருந்து தள்ளிக் கிடக்கிறான். புரண்டிருப்போம் என்று நினைத்திருந்தான். பாயும் கூடவே நகர்ந்திருக்கிறதே என்று நினைக்கவில்லை.

யாருக்கோ இடம் விட்டது போல.

அன்று கூடத்து நாற்காலியில், விளக்கைப் போட்டுக்கொண்டே தூங்கினான். அக்கா ஏன் என்று கேட்டதற்குக் கொசு என்றான்.

மறுநாள் மூன்று மணிக்கு டோஸ். இரண்டே முக்காலுக்கு மீட்டரம்மா அக்காவைச் சக்கர நாற்காலியில் கூட்டிக்கொண்டு கேமரா அறையைக் கடந்துபோனார். அக்கா கண்ணாடி வழியாகக் கையை ஸ்டியரிங் பிடிப்பது போல வைத்துத் திருப்பிக் காட்டினாள். அவன் கை அசைத்தான். டாக்டரும் நர்சும் பின்னாலேயே போனார்கள். ஈயக் கதவு மூடும் சத்தம் வயிற்றில் கேட்டது. இந்தப் பக்கம் அவன் மட்டும்.

உட்கார முடியவில்லை. சும்மா ஒரு மனத் திருப்திக்கு மீட்டரை எடுத்துத் தன்னையே அளந்தான். வலது கை சுத்தம். வயிறு சுத்தம். இடது தோளருகே கொண்டுபோனதும் பொரிந்தது. சட்டையைக் கழற்றி மூலையில் எறிந்தான். குறையவில்லை. கழுவும் தொட்டியில் தோளையும் விலாவையும் சோப்புப் போட்டுத் தேய்த்தான். தோல் சிவந்தது. குறையவில்லை.

உள்ளே இருக்கிறது என்று தோன்றியது. கட்டியைத் தேடிப் போகிற மருந்து. அவனுக்குள்ளும் ஒரு கட்டி இருக்கிறது. அதுதான் மோப்பம் பிடித்து வந்திருக்கிறது. எவ்வளவு பயங்கரமான நினைப்பு! ஆனாலும் அதில் ஒரு நிம்மதி இருந்தது. வியாதி என்றால் ஒரு காரணம் உண்டு. காரணம் உள்ள விஷயம் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு நிற்காது.

ஒன்றே ஒன்றுதான் உதைத்தது. மீட்டரின் முகத்தைத் தோளை நோக்கி வைத்தால் முள் கொஞ்சம் ஏறியது. திருப்பி, வெளியே காற்றைப் பார்க்க வைத்தால் கடைசிவரை ஏறியது.

மீட்டரை அணைத்துவிட்டான்.

கேமரா காலியாக இருந்தது. ஒரு ஆளுக்கே தோள் இடிக்கிற ஒடுக்கமான படுக்கை. அதற்கு மேலே ஒரு கேமராத் தலை, கீழே ஒரு தலை. மேல் தலை எடுப்பது, படுக்கைக்கு வலப்பக்கம் இருந்த சின்னத் திரையின் மேல்பாதியில் தெரியும். கீழ்த் தலை எடுப்பது கீழ்ப்பாதியில். கம்ப்யூட்டரில் நேரடிப் படத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டு, ஓடிப்போய்ப் படுத்தான். ஆபரேட்டர் இல்லாமல் யாரும் படுக்கக் கூடாது என்று அவனே எழுதி ஒட்டிய தாள் சுவரில் இருந்தது. படுக்கையை நகர்த்தும் கைக்கருவியின் பொத்தானை அழுத்தினான். படுக்கை அவனைத் தலையோடு உள்ளே இழுத்தது. மேல் தலை முனகிக்கொண்டே இறங்கி, மூக்குக்கு நாலு விரல் மேலே நின்றது. கைக்கருவி விரலிலிருந்து நழுவி, இடது பக்கம் ஒயரில் தொங்கி ஆடியது.

கழுத்தை வலது பக்கம் திருப்பினால் சின்னத் திரை தெரிந்தது. கறுப்பு. இரண்டு பாதியும் கறுப்பு. இயந்திரத்தின் காற்றாடிச் சத்தம். உலோகத்தின் குளிர்ந்த வாசனை.

பத்து எண்ணினான். இருபது. அவனுடைய நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளிகூட விழவில்லை. அவனுக்குள் ஒன்றுமே இல்லை. கட்டி இல்லை. கதிர் இல்லை. கண்ணில் நீர் வந்தது.

பிறகு ஓரத்தில் ஒரு புள்ளி விழுந்தது.

இன்னொன்று. இன்னும் நாலு. அவனுடைய உடம்பின் எல்லை முடிகிற இடத்துக்கு அப்பால், படுக்கையே இல்லாத, வெறும் காற்று மட்டுமே இருக்கிற இடப்பக்கத்தில். இரண்டு படத்திலும். புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. ஒரு வளைவு வந்தது. தோள். அதற்கு மேலே ஒரு உருண்டை. அதன் கீழே இறங்கிப் போன நீளக் கோடு, முதுகு.

அந்த உருவத்துக்குள் சில இடங்கள் மட்டும் பளிச்சென்று எரிந்தன. கழுத்தடியில் ஒன்று. தோளில் ஒன்று. ஈரல் இருக்கும் இடத்தில் மூன்று. அதற்குக் கீழே படம் வெட்டுப்பட்டிருந்தது. கீழே மீதி எங்கே இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அக்காவின் உடம்பிலிருந்து மறைந்தவை. டாக்டர் கைதட்டல் வாங்கியவை.

ஒலிபெருக்கி கரகரத்தது. "தம்பி, கேக்குதா?" மீட்டரம்மா. "இப்பத்தான் ஆரம்பிச்சோம். மருந்து ஏறுது. உங்க அக்கா என்னைய, கிளட்ச் எதுன்னே தெரியாதவள்னு திட்டிக்கிட்டு இருக்காங்க. நல்லா இருக்காங்க." பின்னணியில் அக்காவின் சிரிப்பு.

பேசும் பொத்தான் மேஜைமேல் இருந்தது. ஆனால் கத்தினால் கேட்கும். ஈயக் கதவானாலும் முழுத் தொண்டையில் கத்தினால் கேட்கும். ஓடி வருவார்கள்.

வந்தால் ஊசி நிற்கும்.

வாயைத் திறந்தான். மூடினான்.

திரையில் புள்ளிகள் பெருகின. இதுவரை ஒவ்வொன்றாக விழுந்தவை இப்போது கொட்டின. அடுத்த அறையில் மருந்து இறங்க இறங்க, இங்கே பக்கத்தில் படுத்திருந்தது நிரம்பிக்கொண்டிருந்தது. விரல்கள் வந்தன. கை வந்தது. கை நகர்ந்தது.

மேல் படத்தில் அந்தக் கை அவனுடைய நெஞ்சின் கறுப்புக்குக் குறுக்கே நீண்டு கிடந்தது. கீழ்ப் படத்தில் கை இல்லை. அவனுக்கு அதன் பொருள் தெரியும். உடம்பு மறைத்தால் கீழ்த் தலைக்குத் தெரியாது. கை அவனுக்கு மேலே இருக்கிறது. அவன்மேல் கிடக்கிறது.

எடை எதுவும் தெரியவில்லை. இளஞ்சூடு மட்டும்.

கைக்கருவி இடது பக்கம் தொங்கியது. எட்ட வேண்டுமானால் பக்கத்தில் படுத்திருப்பதைத் தாண்டிக் கையை நீட்ட வேண்டும். அவன் விரல்கள் படுக்கையின் ஓரம் வரை போயின. நின்றன.

"பாதி ஏறியாச்சு," என்றது ஒலிபெருக்கி. "பொறுமையா இருப்பா."

மூச்சு. காதோரம். அவனுடையது இல்லை.

"பல்லி," என்றது. குரலே இல்லாமல்.

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அங்கே ஒன்றும் தெரியாது, காற்றுதான் தெரியும். திரையில் மட்டும்தான் தெரியும். தலையின் உருண்டை மெல்ல எழுந்தது. நகர்ந்தது. கீழ்ப் படத்தில் அது மங்கி, மங்கி, அணைந்தது. மேல் படத்தில் மட்டும் நின்றது. அவனுடைய முகம் இருந்த கறுப்புக்கு நேர் மேலே. அந்த நாலு விரல் இடைவெளிக்குள். வெள்ளை வெளேரென்று, நிரம்பி, கீழ்நோக்கி. அதில், வாய் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் புள்ளிகள் விழவில்லை. அந்த இடம் அகலமாகிக்கொண்டே வந்தது.